நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மோல்மேனில் கரண்டு போய் நான்கு நாள்.
என் கடை மேசையில் முப்பத்தொரு போன்கள்
ஒரே பேட்டரியில் குட்டிகளாய்ப் பால் குடிக்கின்றன.
ஒன்றுக்கு ஐந்நூறு கியாட்.
கூரைப் பலகையில் வெயில் தீர்ந்த பிறகு
யாருக்கோ வரும் அழைப்பின் வெளிச்சத்தில்
நாவல் படிக்கிறேன்.

கோயில் அலமாரியில் கிடந்தது.
அட்டை இல்லை. எழுதினவர் பெயரைக்
கரையான் முதலில் தின்றிருக்கிறது.
நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சண்டை.
ரங்கூனில் குண்டு விழ,
பிலோமினா என்பவள் கைக்குழந்தையோடும்
மாதா சுரூபத்தோடும்
தமு வரைக்கும் நடக்கிறாள்.

பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது,
இவளுக்கு ஒன்றும் ஆகாது.
அத்தியாயத்துக்கு ஒரு ஜெபமாலை,
ஜெபமாலைக்கு ஒரு புதுமை.
விமானம் வந்தால் மூடுபனி வரும்.
பசி வந்தால், ஆளில்லாத ஊரில்
தட்டு போட்டு மூடிய சோற்றுப் பானை.
நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன்.
தட்டை அவள் விலக்கும்போது
எனக்கும் வாயூறியது.
அன்று எங்கள் வீட்டில் ஙப்பியும் பச்சை மிளகாயும்.

இந்தப் பக்கம்தான் தொண்டையில் நின்றது.
ஆற்றில் வெள்ளம். ஒரு கூலி
குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி
அக்கரை சேர்த்துவிட்டு,
மூட்டைக்காக மறுபடியும் இறங்குகிறான்.
அடுத்த வரி: ஆண்டவர் பெரியவர் என்றாள் பிலோமினா.
அதற்கடுத்த வரி மறுநாள் காலை.
மூட்டை என்ன ஆனது என்றாவது
நூற்றிருபதில் வருகிறது.
அவன் வரவில்லை.
முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன்.
ஒரு பேர் கூட வைக்கவில்லை.
மாதா சுரூபத்தின் நீல அங்கிக்கு மட்டும்
ஆறு வரி.

பெலிக்ஸ் போன வருஷம்
பட்டாளத்துக்குப் பேர் எடுத்தபோது
ராத்திரியோடு ராத்திரியாக எல்லை கடந்தான்.
மேசோட்டிலிருந்து பேசினான்.
லாரி டியூபில் படுக்க வைத்து
யாரோ ஒருத்தர் நீந்தியே தள்ளிக்கொண்டு போனாராம்.
நெஞ்சு வரைக்கும் தண்ணீராம்.
யாருப்பா அவர் என்றேன்.
பேர் கேக்கலம்மா என்றான்.
பிறகு அங்கே பன்றிப் பண்ணையில் கிடைக்கும்
சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு
இறந்தவர் பேர் எழுதிக் கேட்டார்கள்.
பர்மா எழுத்தில் எழுதினால்தான்
கரேன் சாமியாருக்கு வாசிக்க வரும்.
என் வீட்டுக்காரர், மாமியார்,
பிறந்த அன்றே போன பெண் குழந்தை.
காகிதத்தில் ஒரு விரற்கடை இடம் மிச்சம்.
சன்னாசி என்று எழுதினேன்.
ஏன் அந்தப் பேர் என்றால் தெரியாது.
ஞானஸ்நானம் வாங்கின பேர் இல்லை என்பது தெரியும்.
அன்றைக்கு ஆற்றில்
அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாமியார் பூசையில் ஒவ்வொன்றாக வாசித்தார்.
சன், என்று நிறுத்தி,
நா, என்று இழுத்து,
சீ, என்று முடித்தார்.
பர்மிய மொழியில் நா என்றால் வலி.
முன்வரிசைக் கிழவி ஒருத்தி
யாரென்று தெரியாமலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்து கேட்டார், உறவா?
ஆற்றில் போனவர் என்றேன்.
எந்த ஆறு என்று அவர் கேட்கவில்லை.
இப்போதெல்லாம் கேட்பதில்லை.

செய்தது பாவமா என்று
அன்று ராத்திரி கொஞ்சம் யோசித்தேன்.
இல்லாத ஒருவனுக்காகப்
பூசைக் காசு ஆயிரம் கியாட்.
ஆனால் இல்லாத பிலோமினாவுக்காக
அத்தனை அத்தியாயமும் அழுதேனே,
அது எந்தக் கணக்கு?

கடைசி எட்டுப் பக்கம் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கிறது.
பிரித்தால் கிழியும்.
அவள் தமு சேர்ந்திருப்பாள், எனக்கு அவசரமில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டு
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில்
அவன் பேரை எழுதுகிறேன்.
பாதியில் வெளிச்சம் அணைகிறது.
யாராவது யாரையாவது
கூப்பிடும் வரை காத்திருக்கிறேன்.